லாங் ரேஞ்ச் டார்கெட் ஷூட்டிங்குக்கு எந்த கேலிபர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"1000 யார்டு சுடணும், எந்த கேலிபர் வாங்கறது, ஒரே வரில சொல்லுங்க"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரே வரில பதில்: 6.5 கிரீட்மூர். அவ்ளோதான், நீங்க கிளம்பலாம். ஏன் அது, எப்ப அது இல்ல, நான் வச்சிருக்கறது வேற ஆச்சேன்னு யோசிக்கறவங்க மட்டும் கீழ படிங்க. பேப்பர் டார்கெட், ஸ்டீல் பிளேட் சுடறவங்களுக்காக எழுதினது இது. வேட்டைக்கான கணக்கே வேற, அதை இங்க தொடல.

லாங் ரேஞ்ச்னா எவ்ளோ தூரம்ங்க? 300 மீட்டர் லாங் ரேஞ்சா?

ஆளுக்கு ஒரு கணக்கு. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) ரைஃபிள் போட்டில பெரிய தூரம்னா 300 மீட்டர், அங்க பத்து ரிங்கே, அதாவது பத்து பாயின்ட் வட்டமே, 10 சென்டிமீட்டர்தான், அதனால லேசா நினைச்சுடாதீங்க. ஆனா ஷூட்டர்ஸ் பேச்சுவழக்குல லாங் ரேஞ்ச்னா 600 யார்டுல இருந்து 1000 யார்டு வரைக்கும், அதாவது சுமார் 550ல இருந்து 914 மீட்டர். அதைத் தாண்டிட்டா எக்ஸ்ட்ரீம் லாங் ரேஞ்ச்னு தனியா ஒரு உலகம் இருக்கு, அது பணக்கார உலகம், கடைசில பாக்கலாம்.

இந்த 800, 900, 1000 யார்டு கணக்கு ரொம்ப பழசு. 1874 செப்டம்பர்ல நியூயார்க்ல கிரீட்மூர்ங்கற ரேஞ்சுல, அதாவது சுடற மைதானத்துல, அயர்லாந்து டீமும் அமெரிக்க டீமும் இந்த மூணு தூரத்துலதான் மோதினாங்க. 934க்கு 931னு அமெரிக்கா ஜெயிச்சது. வெறும் மூணு பாயின்ட். அதுல அயர்லாந்துக்காரர் ஒருத்தர் நடு சென்டர்ல அடிச்சாரு, ஆனா பக்கத்து ஆளோட டார்கெட்ல அடிச்சிட்டாரு, சைபர் போட்டுட்டாங்க. இன்னிக்கும் எல்லா ரேஞ்சுலயும் யாராவது ஒருத்தர் இதைச் செஞ்சுட்டுதான் இருக்காங்க, நானும் செஞ்சிருக்கேன். 6.5 கிரீட்மூர்ல இருக்கற கிரீட்மூர் அந்த ரேஞ்சோட பேர்தான்.

கேலிபர், கார்ட்ரிட்ஜ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லங்க. பேசறப்ப எல்லாரும் மாத்தி மாத்தி சொல்றோம், நானும் கீழ அப்படித்தான் சொல்லப் போறேன், ஆனா கடைல போய் நிக்கறப்ப வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். கேலிபர்ங்கறது குண்டோட விட்டம், பேரலோட உள் அளவு. கார்ட்ரிட்ஜ்ங்கறது முழு தோட்டா, அதாவது பித்தளை கேஸ், உள்ள பவுடர், அடில பிரைமர், முன்னாடி குண்டு. .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம், .300 பிஆர்சி இந்த நாலுலயும் குண்டு ஒரே .308 இன்ச் விட்டம்தான், ஆனா பின்னாடி இருக்கற கேஸ் சைஸ் வேற, பவுடர் அளவு வேற, தோள்ல விழற உதையும் வேற. ஒண்ணுக்கு செஞ்ச சேம்பர்ல (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) இன்னொண்ணைப் போடக்கூடாது.

1000 யார்டுல எல்லா குண்டும் கீழதான் விழுது, அப்புறம் எதுவா இருந்தா என்ன?

நல்ல கேள்வி, கிட்டத்தட்ட எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறது இங்கதான். புதுசா வர்றவங்க டிராப்பைப் பாத்து பயப்படறாங்க. 175 கிரெயின் (குண்டோட எடை அளவு) .308 குண்டு வினாடிக்கு 2600 அடி வேகத்துல கிளம்பினா, ஸ்கோப்பை 100 யார்டுல குறி சரியா விழற மாதிரி ஜீரோ வச்சிருந்தீங்கன்னா 1000 யார்டுல 10 மீட்டருக்கு மேல கீழ போகும். 140 கிரெயின் 6.5 கிரீட்மூர் 2710 அடில கிளம்பினா சுமாரா 8 மீட்டர். ரெண்டுமே பயங்கரமாத்தான் தெரியும், ஆனா புவியீர்ப்பு என்னிக்கும் மாறாது. தூரம் தெரிஞ்சா போதும், போன்ல இருக்கற பாலிஸ்டிக் ஆப் சொல்ற நம்பரை ஸ்கோப் மேல இருக்கற டர்ரெட் திருகுல திருப்பிட்டா முடிஞ்சது.

காத்து அப்படி இல்ல. இந்த நிமிஷம் இருக்கும், அடுத்த நிமிஷம் இருக்காது, உங்ககிட்ட இடமிருந்து வலமா அடிக்கும், 600 யார்டு தள்ளி ஒரு பள்ளத்துல வலமிருந்து இடமா அடிக்கும். பக்கவாட்டுல மணிக்கு 10 மைல் காத்து அடிச்சா மேல சொன்ன .308 குண்டு 1000 யார்டுல சுமார் இரண்டரை மீட்டர் ஒதுங்கும், 6.5 சுமார் 1.7 மீட்டர் ஒதுங்கும். இப்ப நீங்க காத்தை 1 மைல் தப்பா கணிச்சிட்டீங்கன்னு வைங்க, 1 மைல்ங்கறது கன்னத்துல படறதுகூட தெரியாத வித்தியாசம். .308ல 25 சென்டிமீட்டர் போச்சு. 6.5ல 17 சென்டிமீட்டர். அமெரிக்க எஃப்-கிளாஸ் (படுத்துக்கிட்டு, ரைஃபிளைத் தாங்கு மேல வச்சு, ஸ்கோப்ல பாத்து சுடற போட்டி) 1000 யார்டு டார்கெட்ல பத்து ரிங் மொத்த அகலமே 10 இன்ச், ஒன்பது ரிங் 20 இன்ச். அதாவது நடுவுல குறி வச்சு 1 மைல் தப்பு பண்ணா 6.5 குண்டு ஒன்பதுக்குள்ள நிக்கும், .308 குண்டு ஒன்பதோட ஓரத்துல கோட்டைத் தொட்டுட்டு நிக்கும்.

நான் கேலிபரை இப்படித்தான் பாக்கறேன்: காத்துல நான் பண்ற தப்பை இது எவ்ளோ மன்னிக்குது, அந்த மன்னிப்புக்கு என் தோள்லயும் பேரல்லயும் எவ்ளோ பிடுங்குது. கீழ வர்ற எல்லா பதிலும் இந்த ஒரு கணக்குதான்.

வேகமா போனா காத்து கம்மியா தள்ளும், சரிதானே? அப்போ வேகமான கார்ட்ரிட்ஜ் எடுத்தா போதுமே?

பாதி சரி. காத்து எவ்ளோ தள்ளும்ங்கறது குண்டு எத்தனை நேரம் பறக்குதுங்கறதைப் பொறுத்து மட்டும் இல்ல. காத்தோட உராய்வே இல்லாம போயிருந்தா எத்தனை நேரம் ஆகியிருக்கும், நிஜத்துல எத்தனை நேரம் ஆச்சு, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தாமதம்தான் தள்ளல். அதாவது எவ்ளோ வேகமா கிளம்பிச்சுங்கறதைவிட வேகத்தை எவ்ளோ கம்மியா இழந்துச்சுங்கறது முக்கியம். அந்த வேகத்தைப் பிடிச்சு வச்சுக்கற குணத்துக்குத்தான் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்னு பேர், சுருக்கமா பிசி. நீளமான, ஒல்லியான, மூக்கு கூரான, வால் பக்கம் சரிவா இருக்கற குண்டுக்கு பிசி அதிகம்.

கம்பெனிக்காரங்க போடற ஜி1 நம்பரை வச்சு பாத்தா சியரா மேட்ச்கிங் 77 கிரெயின் .223 குண்டு .372, அதே மேட்ச்கிங் 175 கிரெயின் .308 குண்டு .505, ஹார்னடி இஎல்டி மேட்ச் 140 கிரெயின் 6.5 குண்டு .646, .300 பிஆர்சில போற 225 கிரெயின் .777. பாருங்க, 6.5 குண்டு .308 குண்டைவிட 35 கிரெயின் கம்மி எடை, ஆனா பிசி அதிகம். கம்மி எடைன்னா கம்மி உதை. இந்த ஒரு வரிதான் 6.5 கிரீட்மூர் கதை மொத்தமும்.

பின்குறிப்பா ஒண்ணு: ஜி1, ஜி7னு ரெண்டு விதமா நம்பர் போடுவாங்க, ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டு "இது பாதிதான் இருக்கு"ன்னு ஏமாறாதீங்க. லாங் ரேஞ்ச் குண்டு வடிவத்துக்கு ஜி7தான் நல்லா ஒத்துப்போகும், ஆப்ல போடறப்ப ஜி7 போடுங்க.

அப்போ .308 செத்துப்போச்சா?

சாகல, வயசாயிடுச்சு. 1952ல வின்செஸ்டர் கொண்டுவந்தது, அதோட ராணுவ அண்ணன் தம்பி 7.62×51 நேட்டோவா ஆச்சு, அதனால உலகம் முழுக்க தோட்டா கிடைக்கும், கேஸ் கிடைக்கும், எந்த கன்ஸ்மித்துக்கும் தலைகீழ் பாடம். பேரல் ஆயுசு அருமை, 5000 ரவுண்டு சாதாரணமா ஓடும். காத்து படிக்க கத்துக்கணும்னா .308 மாதிரி வாத்தியார் கிடையாது, ஏன்னா தப்பு பண்ணா உடனே பிரம்பெடுத்து அடிச்சிடும். பழைய ஆளுங்க நிறைய பேர் இதாலதான் நல்லா சுடறாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம்.

பிரச்சினை 900 யார்டுக்கு மேல வரும். குண்டு ஒலி வேகத்தைவிட கீழ இறங்கற இடம் இருக்கே, டிரான்ஸோனிக்னு சொல்லுவாங்க, அந்த வேகத்துல நுழையறப்ப சில குண்டு தள்ளாட ஆரம்பிச்சிடும். இதுல பேர் கெட்டது 168 கிரெயின் மேட்ச்கிங். 300 மீட்டர் போட்டிக்காக பண்ண குண்டு அது, அந்த வேலையை பிரமாதமா செய்யும், ஆனா அதோட வால் சரிவு 13 டிகிரி, கொஞ்சம் செங்குத்து. நான் ஒரு தடவை வேற எதுவும் இல்லாம அதையே எடுத்துட்டு போய் 1000 யார்டுல பேப்பர்ல சுட்டேன். டார்கெட்டை இறக்கிப் பாத்தா ரெண்டு ஓட்டை வட்டமா இல்ல, சாவித் துவாரம் மாதிரி நீளமா இருக்கு. குண்டு பக்கவாட்டுல படுத்துக்கிட்டு வந்து அடிச்சிருக்கு. மீதி எட்டு ரவுண்டு எங்க போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியாது. 175 கிரெயின்ல வால் சரிவு 9 டிகிரி, அது இந்த வேலைக்கு ஒழுங்கா இருக்கு. .308ல 1000 சுடறதா இருந்தா 175ல இருந்து மேல போங்க, இல்லன்னா போட்டிக்காகவே வர்ற 155 கிரெயின் பால்மா ரக குண்டை நீளமான பேரல்ல வேகமா விடுங்க.

6.5 கிரீட்மூர்ல அப்படி என்னதான் இருக்கு? வெறும் விளம்பரம்னு சொல்றாங்களே?

விளம்பரமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. 2007ல ஹார்னடி கொண்டுவந்தப்ப 6.5 மில்லிமீட்டர்ல ஏற்கனவே நல்ல கார்ட்ரிட்ஜ் இருந்துச்சு, 6.5×55 ஸ்வீடிஷ் நூறு வருஷத்துக்கு மேல பழசு, அருமையா சுடும். கிரீட்மூர் பண்ணது புது மாயாஜாலம் இல்ல, இஞ்சினியரிங் ஒழுக்கம். கேஸைக் கொஞ்சம் குட்டையா வச்சாங்க, அதனால நீளமான குண்டை மேகசினுக்குள்ள அடங்கற மாதிரி வைக்க முடியுது, குண்டோட அடி கேஸ் உள்ள போய் பவுடர் இடத்தைப் பிடிக்கறது இல்ல. முதல் நாள்ல இருந்தே 1:8 ட்விஸ்ட் பேரலை (குண்டை வேகமா சுத்தவைக்கற பேரல், கீழ சொல்றேன்) ஸ்டாண்டர்டா வச்சாங்க. எல்லாத்துக்கும் மேல, கடைல வாங்கற டப்பா தோட்டாவே போட்டித் தரத்துல வர்ற மாதிரி பண்ணாங்க. முன்னெல்லாம் இந்த அளவு சுடணும்னா வீட்டுல உக்காந்து ரீலோட் பண்ணியே, அதாவது சுட்ட கேஸ்ல புது பவுடரும் குண்டும் வச்சு நாமளே தோட்டா செஞ்சே, ஆகணும், இப்ப புதுசா வர்றவர் டப்பாவைப் பிரிச்சு 1000 யார்டு ஸ்டீல்ல முதல் நாளே டங்குன்னு அடிக்கறாரு. அது ரொம்ப பேருக்கு எரிச்சல், அதான் விளம்பரம்னு சொல்றாங்க.

உதை .308ஐவிட மூணுல ஒரு பங்கு கம்மி. பேரல் 2000ல இருந்து 3000 ரவுண்டு.

6 மில்லிமீட்டர் ஆளுங்க எல்லாம் 6.5ஐ கிண்டல் பண்றாங்களே, 6 டேஷர், 6ஜிடி, 6 கிரீட்மூர்னு என்னென்னமோ சொல்றாங்க?

அவங்க பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) மாதிரி ஸ்டீல் போட்டி ஆளுங்க. அங்க தடுப்பு மேல, ஏணி மேல, டயர் மேல ரைஃபிளை வச்சு 90 செகண்டுல பத்து ஷாட் சுடணும், பெரும்பாலும் 400ல இருந்து 800 யார்டு. அதுல ஜெயிக்கறது என்னன்னா சுட்ட பிறகும் ஸ்கோப் படம் கலையாம இருக்கணும், தன்னோட குண்டு எங்க விழுந்துச்சுன்னு தானே பாக்கணும், அடுத்த ஷாட்டைத் திருத்தணும். 6.5ல உதைச்சு படம் ஒரு துள்ளு துள்ளும், திரும்ப வர்றதுக்குள்ள தூசு அடங்கிடும். 6 மில்லிமீட்டர்ல 105, 108 கிரெயின் குண்டு, படம் அப்படியே நிக்கும். காத்துல 6.5 மாதிரியேதான் போகும், கொஞ்சம் முன்ன பின்ன.

விலை என்னன்னா பேரல். 6 கிரீட்மூர் 1200ல இருந்து 1800 ரவுண்டுக்குள்ள பேரலை சாப்பிட்டுடும். டேஷரும் 6ஜிடியும் கொஞ்சம் கம்மி பவுடர், அதனால கூட ஓடும். டேஷர்னா ரீலோடிங் தெரிஞ்சிருந்தா நல்லது. முதல் ரைஃபிளுக்கு இந்தப் பக்கம் போகாதீங்க, ரெண்டாவது பேரலுக்குப் போங்க.

பெரிசா ஒரு மேக்னம் வாங்கிட்டா காத்து கவலையே இல்லையே?

நான் அப்படித்தான் நினைச்சேன். என்னோட முதல் சென்டர்ஃபயர் ரைஃபிள் .300 வின்செஸ்டர் மேக்னம். காத்துல நிஜமாவே அருமை, பேப்பர்ல. நிஜத்துல என்ன ஆச்சுன்னா முதல் பத்து ஷாட் நல்லா போகும், இருபதாவது ஷாட்டுக்கு க்ரூப், அதாவது குண்டு விழற கூட்டம், கீழ இடப்பக்கம் விரிய ஆரம்பிக்கும். பெடிங் (ரைஃபிள் அதோட கட்டைல உக்கார்ற விதம்) சரியில்ல, ஸ்கோப் மவுன்ட் லூஸ், இந்த டப்பா தோட்டா மோசம்னு ஆறு மாசம் காரணம் தேடினேன், ஒரு ஸ்கோப்பையே மாத்தினேன். கூட சுடற ஃப்ரெண்ட் ஒருத்தர் ஒரு நாள் எனக்குத் தெரியாம நடுவுல ஒரு டம்மி ரவுண்டைப் போட்டு வச்சிட்டாரு. நான் ட்ரிகரை அமுக்கினேன், க்ளிக்னு ஒரு சத்தம், வெடிக்கல. ஆனா பேரல் முனை நாலு விரல் கீழ குத்திக்கிட்டு போச்சு. கண்ணும் மூடியிருந்துச்சாம். அவர் ஒண்ணும் சொல்லல, காப்பி ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஊத்திக்கிட்டு இருந்தாரு. ரைஃபிள்ல ஒண்ணும் இல்ல, உதைக்கு முன்னாடியே உடம்பு பயந்து ரைஃபிளைத் தள்ளுது. அந்தப் பழக்கத்தைக் கழட்ட ஒரு வருஷம் உதையே இல்லாத சின்ன .22ல சுட வேண்டியதாச்சு.

8 பவுண்டு ரைஃபிள்ல கணக்கு போட்டா 6.5 கிரீட்மூர் உதை சுமார் 12 அடி-பவுண்டு, .308 சுமார் 17, .300 வின் மேக் 26க்கு மேல. பேரல் முனைல மசில் பிரேக் போட்டா குறையும், உண்மைதான், ஆனா வெடிக்காத்து பக்கவாட்டுல அடிக்கறதால பக்கத்துல படுத்திருக்கறவர் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாரு. கனமான ரைஃபிள் இன்னும் நல்ல வழி, டார்கெட்டுக்கு சுடறவங்களுக்கு எடை எதிரி இல்ல.

1000 யார்டுக்கு மேல 1200, 1500னு அடிக்கடி சுடற ரேஞ்ச் உங்களுக்கு இருந்தா மேக்னத்துக்கு அர்த்தம் இருக்கு. அப்படின்னா 6.5 பிஆர்சி, இல்ல .300 பிஆர்சி, ரெண்டும் 2018ல வந்தது, நீளமான குண்டுக்காகவே வடிவமைச்சது. 1000க்குள்ளதான் சுடுவேன்னா வேணாம்.

பேரல் ஆயுசு பேரல் ஆயுசுன்னு சொல்றீங்களே, பேரல் எப்படி தேயும்? குண்டு உரசியா?

குண்டு உரசறதால இல்ல, சூட்டால. சேம்பருக்கு அடுத்து ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுத்தவைக்கற சுருள் வரி, தொடங்கற இடத்துக்கு த்ரோட்னு பேர். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எரியற பவுடரோட நெருப்பு அந்த ரெண்டு மூணு இன்ச்லதான் முழுசா மோதும். நிறைய பவுடரை சின்ன ஓட்டை வழியா தள்ளினா சீக்கிரம் போயிடும், அதான் கணக்கு. 6 மில்லிமீட்டர்ல பெரிய கேஸ் போட்டா ஆயுசு கம்மி, .308ல அதே அளவு பவுடர் பெரிய ஓட்டை வழியா போறதால ஆயுசு கூட. போர்ஸ்கோப் விட்டு 2500 ரவுண்டு ஓடின 6.5 பேரல் உள்ள பாத்தேன், த்ரோட் பூரா கோடை காலத்துல வத்திப்போன ஏரி மண்ணு மாதிரி பாளம் பாளமா வெடிச்சு கிடக்கு, ரைஃப்ளிங் வரப்பு மழுங்கிப்போய் இருக்கு. ரெண்டு இன்ச் தள்ளி கேமரா போச்சுன்னா கண்ணாடி மாதிரி பளபளன்னு புதுசா இருக்கு.

அதனால வேகமா பத்து பதினஞ்சு ஷாட் தொடர்ந்து சுட்டு பேரலைக் கொதிக்க விடாதீங்க, அது ஆயுசை நல்லாவே குறைக்கும். பேரல்ங்கறது கார் டயர் மாதிரி, தேயும், மாத்தணும், அதுக்கு முதல்லயே பணம் ஒதுக்கி வைங்க.

ட்விஸ்ட் ரேட் எவ்ளோ பாக்கணும்?

கேலிபரைப் பாத்த அளவுக்கு இதையும் பாருங்க. 1:8னா 8 இன்ச்க்கு குண்டு ஒரு சுத்து சுத்தும். நீளமான குண்டுக்கு வேகமான சுத்து வேணும். எடை காரணம் இல்ல, நீளம்தான் காரணம். 6.5க்கு 1:8, 6 மில்லிமீட்டருக்கு 1:7.5 பக்கம், .308ல 175க்கு 1:11, 1:10 எதுவும் நல்லா இருக்கும், .223ல 77, 80 கிரெயினுக்கு 1:8 இல்ல 1:7. பழைய .223 வேட்டை ரைஃபிள் 1:12ல வரும், அதுல 77 கிரெயினைப் போட்டா மேல சொன்ன சாவித் துவாரம் 100 யார்டுலயே கிடைக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பெக் ஷீட்ல இந்த ஒரு நம்பரைப் பாக்காம வராதீங்க.

.223ல 1000 யார்டு போகுமா?

போகும். ஃபன்னுக்கு. 600 வரைக்கும் ரொம்ப நல்லா, உதையே இல்ல, தோட்டா சல்லிசு, பேரல் 5000க்கு மேல. 1000ல காத்து .308ஐவிட மோசமா தள்ளும், அதுவும் ஸ்டீல்ல பட்டாகூட பட்டுச்சான்னு தெரியாது, சத்தமும் வராது. கத்துக்கறதுக்கு வாங்கறீங்கன்னா நான் ஆட்சேபிக்கவே மாட்டேன்.

போட்டில சுடணும்னு ஆசை. எதையாவது வாங்கிட்டு அப்புறம் போட்டி பாத்துக்கலாமா?

ஐயோ வேணாம், தலைகீழா போகாதீங்க. முதல்ல எந்தப் போட்டின்னு முடிவு பண்ணுங்க, பாதி கேலிபர் தானா கழிஞ்சிடும். எஃப்-கிளாஸ்ல, அது கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குஹர்சன் பேர்ல வந்த எஃப், எஃப்-டிஆர்னு ஒரு பிரிவு. அதுல .223 ரெமிங்டனும் .308 வின்செஸ்டரும் மட்டும்தான், பைபாட் (ரெண்டு கால் தாங்கு) வச்சு சுடணும், ரைஃபிள் மொத்த எடை 8.25 கிலோவுக்குள்ள. அதுக்கு 6.5 கிரீட்மூர் வாங்கிட்டு போனீங்கன்னா உங்களை எஃப்-ஓப்பன்ல தள்ளிடுவாங்க, அங்க 10 கிலோ ரைஃபிள்ல .284 வின்செஸ்டர் மாதிரி 7 மில்லிமீட்டர் 180 கிரெயின் குண்டு வச்சிருக்கறவங்க உங்களைக் காத்துல கரைச்சிடுவாங்க. பிஆர்எஸ்ல .30க்கு மேல கேலிபர் கூடாது, 3200 அடிக்கு மேல வேகம் கூடாது. 300 மீட்டர் ஐஎஸ்எஸ்எஃப்ல 8 மில்லிமீட்டர் வரைக்கும் விடுவாங்க, ஆனா லைன்ல எட்டிப் பாத்தா 6 பிஆர்தான் நிறைய இருக்கும்.

ரூல் புக் மாறிக்கிட்டே இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து புக்கைப் படிங்க. உங்க நாட்டு லைசென்ஸ் சட்டத்தையும் சேத்துப் படிங்க, சில நாட்டுல ராணுவ கேலிபர்னு சொல்லி சில அளவு தனியாருக்கே கிடையாது, அப்ப இந்தப் பக்கம் முழுக்கப் படிச்சும் சாய்ஸ் ரெண்டுதான்.

ரீலோடிங் பண்ணாம முடியாதா?

6.5 கிரீட்மூர், .308, .223 இந்த மூணுக்கும் முடியும். மத்ததுக்கு கஷ்டம், இல்ல ரொம்ப செலவு. ஆனா டப்பா தோட்டா வாங்கினா ஒரு க்ரோனோகிராஃப் வச்சு வேகத்தைப் பாருங்க. சராசரி முக்கியம் இல்ல, ஷாட்டுக்கு ஷாட் வித்தியாசம்தான் முக்கியம். 6.5ல ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல 30 அடி வேக வித்தியாசம் இருந்தா 1000 யார்டுல ஒரு சாண் உயர வித்தியாசம் வரும், நீங்க மூச்சைப் பிடிச்சது ட்ரிகரை மெதுவா அமுக்கினது எல்லாம் வீண். 100 யார்டுல ஒரே ஓட்டைல போடற தோட்டா 1000ல மேலயும் கீழயுமா சிதறுதுன்னு புலம்பறவங்க எல்லாருக்கும் இதுதான் வியாதி.

.22 எல்ஆர் வச்சு லாங் ரேஞ்ச் பழகலாம்னு சொல்றது கிண்டலா?

கிண்டல் இல்லங்க, நான் குடுக்கற யோசனைலயே உருப்படியானது இதுதான். 40 கிரெயின் குண்டு, வேகம் வினாடிக்கு 1050 அடி சுமார், 200 யார்டுல அது காத்துல ஆடற ஆட்டம் பெரிய ரைஃபிள் ரொம்ப தூரத்துல ஆடற ஆட்டம் மாதிரியே இருக்கும். டர்ரெட் திருப்பணும், கானல் ஆடறதைப் பாத்து காத்து படிக்கணும், எல்லாம் அதே பாடம், செலவுல மட்டும் சுண்டைக்காய். அப்புறம் ஒரு விசித்திரம், மேல தாமதக் கணக்கு சொன்னேன்ல, அதால .22ல ஹை வெலாசிட்டி தோட்டாதான் மெதுவான மேட்ச் தோட்டாவைவிட காத்துல அதிகமா ஒதுங்கும். ஒலி வேகத்துக்கு மேல கிளம்பறதால உடனே நிறைய வேகத்தை இழக்குது. நம்ப மாட்டீங்க, சுட்டுப் பாருங்க.

.338 லாப்புவா, .375 சைடாக் எல்லாம்?

ரெண்டு கிலோமீட்டர், ரெண்டு மைல் சுடறவங்களுக்கு. ஒரு ஷாட் செலவுக்கு .22ல ஒரு டப்பா முழுக்க வாங்கலாம். அந்த தூரத்துக்கு ரேஞ்ச் கிடைக்கறதே அபூர்வம். ரேஞ்ச் இருக்கறவங்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

சேம்பர்ல போகுதுன்னா சுடலாம்ல?

கூடவே கூடாது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிள் சேம்பர்ல சில சமயம் உள்ள போய் போல்ட்டும் மூடிக்கும். சுட்டா .308 விட்டம் குண்டு .224 பேரல்ல போக வழி இல்லாம ரைஃபிளே வெடிக்கும், நிறைய தடவை நடந்திருக்கு. ரெண்டு கேலிபர் வச்சிருந்தா ஒரே நாள்ல ரெண்டையும் ஒரே மேஜை மேல பிரிக்காதீங்க. தோட்டா டப்பால எழுதினதும் பேரல் மேல பொறிச்சதும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க. டார்கெட்டுக்குப் பின்னாடி மண் மேடு இல்லாத இடத்துல சுடாதீங்க, .308 குண்டு தடையில்லாம போனா மூணு கிலோமீட்டருக்கு மேல போகும்.

என்கிட்ட ஏற்கனவே ஒரு .308 போல்ட் ஆக்‌ஷன் இருக்கு. வித்துட்டு 6.5 வாங்கணுமா?

விக்காதீங்க. அந்த பேரல் தேயற வரைக்கும் சுடுங்க, 175 கிரெயின்ல, காத்தடிக்கற நாளாப் பாத்து. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாடியும் காத்து எவ்ளோன்னு நோட்டுல எழுதிட்டு அப்புறம் சுடுங்க, எங்க விழுந்துச்சுன்னு பக்கத்துலயே எழுதுங்க. பேரல் முடியறதுக்குள்ள ரெண்டு நோட்டு தீரும். அப்புறம் ஒரு கன்ஸ்மித்கிட்ட குடுத்து ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் சேம்பர்ல தோட்டா உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற அளவு) பாத்து 6.5 கிரீட்மூர் பேரல் மாட்டச் சொல்லுங்க. ரெண்டு கேஸுக்கும் அடி விட்டம் ஒண்ணுதான், .473 இன்ச், அதனால அதே ஆக்‌ஷன், அதே போல்ட், அதே ஸ்டாக், அதே ட்ரிகர். பெரும்பாலும் மேகசின்கூட மாத்த வேண்டியிருக்காது.